கண் மட்டும் பிடிபடாத ஓவியர்

அன்புக் கண்ணம்மாவுக்கு,

‘மிக்கேல்’ படத்தைக் கல்லூரியில் போடப்போவதாக எழுதியிருந்தாய். 1924-இல் பெர்லினில் டென்மார்க் இயக்குநர் கார்ல் டிரையர் எடுத்த பேசாத படம் அது. முதலில் ஓட்டும் வேகத்தைப் பார். 35 மி.மீ. பிலிமில் மீட்டருக்கு ஏறத்தாழ 52 பிரேம், அதாவது தனித்தனிப் படம். ஆயிரம் மீட்டரை நொடிக்கு 18 பிரேம் வீதம் ஓட்டினால் 48 நிமிடம் வரும். 24 வீதம் ஓட்டினால் 36 நிமிடத்தில் தீர்ந்துவிடும். டிரையரின் ஆட்கள் நிதானமாகத் தலை திருப்புகிறவர்கள். அவர்களை விரட்டினால் அரங்கமே சிரிக்கும்.

டிஸ்க் என்றால் வேகத்தை முன்பே சரிசெய்திருப்பார்கள். நொடிக்கு 20 பிரேமை 24 ஆக்க ஐந்தில் ஒரு பிரேமை இருமுறை காட்டுவது வழக்கம். கை வீசும் இடத்தில் லேசாகத் திக்கும். அதற்காகப் புரொஜெக்டரில் அசைவை மழமழவென்று ஆக்கும் வசதியைப் போட்டுவிடாதே, முகமெல்லாம் மெழுகாகிவிடும். திரை முழுக்க நிரம்பட்டும் என்று படத்தைப் பெரிதாக்கவும் வேண்டாம். அகலம் நாலுக்கு உயரம் மூன்று என்ற அளவில் எடுத்த படம், மேலும் கீழும் வெட்டினால் நெற்றியும் தாடையும் போய்விடும். முகத்தை நம்பியே எடுத்த படத்தில் முகம் போனால் மிச்சம் என்ன?

அறிமுகத்தில் கதையை முழுக்கச் சொல்லாதே. பாரிஸில் பெரிய ஓவியர் ஸோரே, அவர் வீட்டில் வளரும் மாடல் இளைஞன் மிக்கேல், நடுவில் வந்துசேரும் இளவரசி ஸமிகோஃப். அது போதும். ஓவியருக்கு அவன்மேல் இருப்பது என்ன என்று படம் வாய்விட்டுச் சொல்வதில்லை, நீயும் சொல்லாதே. ஹெர்மன் பாங் எழுதிய நாவல், திரைக்கதை தேயா ஃபொன் ஹார்பூ என்று மட்டும் சொல். ஸோரேயாக வரும் பெஞ்சமின் கிறிஸ்டென்சனும் ஓர் இயக்குநர்தான். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்டே ஓவிய வியாபாரி லெப்ளாங்காகவும் தலைகாட்டுகிறார், குண்டாக. கண்டுபிடிக்கச் சொல், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

உன் பேச்சில் நேரம் செலவழிக்க வேண்டியது ஒரே காட்சிக்குத்தான். ஸோரே வரையும் இளவரசியின் ஓவியம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, கண் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. தூரிகையை மிக்கேலிடம் கொடுக்கிறார். அவன் வரைந்துவிடுகிறான். முத்தம் இல்லை, வாக்குவாதம் இல்லை. கிழவர் தோற்றது அந்தக் கண்ணில் தெரிந்துவிடுகிறது. அந்தக் காலத்து பிலிம் பெரும்பாலும் சிவப்பை உணராது, நீலத்தை மட்டுமீறி வாங்கும். உதட்டுச்சாயம் கறுக்கும், நீலக்கண் வெளிறும். அப்படிப்பட்ட பிலிமை வைத்துக்கொண்டு கண்ணையே கதையாக்கத் துணிந்திருக்கிறார்கள். அதனால் மங்கலான பிரதி வேண்டவே வேண்டாம்.

நடுநடுவே வசனம் காட்டும் ஜெர்மன் அட்டைகளின் தமிழை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள். அதை அரங்கில் உரக்கப் படிப்பவர் அட்டை மறைவதற்குள் முடித்துவிட வேண்டும். நீளமாக இருந்தால் சொல்லைக் குறை, வேகத்தைக் கூட்டாதே.

அப்புறம், கதவை மூடிய பிறகே படத்தைத் தொடங்கு. ‘இனி நான் நிம்மதியாகச் சாகலாம், ஒரு பெரிய காதலைக் கண்டுவிட்டேன்’ என்ற பொருளில் ஆரம்பத்திலேயே ஓர் அட்டை வரும். ஸோரே கடைசியில் படுக்கையில் சொல்வதும் அதையேதான். தாமதமாக வந்தவனுக்கு அது வெறும் வசனமாகப் போய்விடும்.

அம்மா