துதுருருவுக்கு எலிதான் எமன்

அன்புள்ள ராஜா,

துதுருரு என்ற அந்த அரிய பசிபிக் தரைப்புறாவைக் கூண்டில் வளர்த்துப் பெருக்கிப் பழைய தீவுகளில் விட்டால் என்ன என்று கேட்டிருந்தாய். எலி இருக்கிற தீவில் கொண்டுபோய் விட்டால், எலிக்குத் தீனி போட்ட கதைதான்.

தென் பசிபிக்கிலுள்ள பிரெஞ்சு பாலினீசியாவில் மிஞ்சியிருப்பது நூறிலிருந்து இருநூறு பறவைகள், பெரும்பகுதி தெனராரோ என்ற ஒரே பவளத்தீவில். தாஹிட்டியில் அது அற்றுப்போய் வெகுகாலமாகிறது. ஆணுக்கு நெற்றியும் தொண்டையும் மார்பும் வெள்ளை, தோளில் ஊதா மினுமினுப்பு, பெட்டை செம்பழுப்பு. மேய்ச்சலெல்லாம் தரையில்தான். விதை, தளிர், புழு என்று பொறுக்கிக்கொண்டே நடக்கும். பாலூட்டி வேட்டையாடியே இல்லாத தீவுகளில் உருவான பறவை, பூனையைக் கண்டு மிரளவும் தெரியாது.

தெனராரோவில் காட்டை அழித்துத் தென்னை வைக்கவில்லை, எலியும் ஏறவில்லை. பக்கத்திலுள்ள வஹாங்காவிலும் தெனருங்காவிலும் தென்னை வந்தது, எலியும் வந்தது.

2015-ல் இந்த இரண்டையும் சேர்த்து ஆறு தீவுகளில் எலி ஒழிப்பு வேலை நடந்தது. இதில் பயன்படும் மருந்து புரோடிஃபாக்கம். ரத்தம் உறைவதை அது தடுக்கும். தின்ற எலி சில நாள் கழித்துத்தான் சாகும். அதுதான் அதன் பலம்: தின்றதற்கும் செத்ததற்கும் முடிச்சுப் போட மற்ற எலிகளுக்குத் தெரியாது, தொடர்ந்து தின்னும். ஒரே சுற்றோடு நிறுத்தக்கூடாது. முதல் சுற்றில் வளைக்குள் பால் குடிக்கும் குட்டி மருந்தைத் தொடாது, அது வெளியே வரும்போது தரையில் மருந்து கிடக்க வேண்டும்.

வெப்பமண்டலத் தீவில் காரியம் கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். நண்டுகள் மருந்து உருண்டையை அள்ளித் தின்றுவிடும். அவற்றுக்கு ஒன்றும் ஆகாது, எலிக்குத்தான் பங்கு குறையும். ஆகவே நண்டுக்கும் சேர்த்துக் கணக்கிட்டுத் தூவ வேண்டும். இன்னொன்று, தென்னங்கொண்டையிலேயே குடியிருக்கும் எலி. குரும்பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் அது ஏன் கீழே இறங்கப் போகிறது? 2011-ல் பசிபிக்கிலுள்ள பால்மைரா தீவில் கடல்மேல் சாய்ந்த மரங்களின் கொண்டையிலும் மருந்து வைத்ததற்குக் காரணம் அதுதான். சினையான ஒரே பெட்டை எலி தப்பினாலும் போட்ட காசு தண்டம்.

ஆறில் ஐந்து தேறின. ஆறாவதான கமாக்காவில் எலி தப்பியது. 2022-ல் அங்கே டிரோன் வைத்துத் திரும்பவும் தூவினார்கள்.

என்னைக் கேட்டால், கூண்டுக்கு ஒதுக்கும் பணத்தை, தீவுக்குப் போகும் படகில் எலி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குத் தரலாம். மூட்டையைத் தீவில் இறக்கிய பிறகு பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை, ஏற்றும் துறையிலேயே பிரிக்க வேண்டும். கரையோரம் வேர்க்கடலை வாசமூட்டிய மெழுகுக் கட்டிகளைக் கட்டி வைத்தால், எலி கடித்த இடத்தில் முன்பற்களின் இரட்டைப் பள்ளம் அருகருகே தெரியும். நண்டு கடித்தது பிய்த்தெடுத்தது போலிருக்கும், அந்த இரட்டைப் பள்ளம் இருக்காது.

நிக்கோபார் பக்கம் போய் வந்தவர் யாரையாவது பார்த்தால், நம் நிக்கோபார் புறா அடையும் குட்டித் தீவுகளில் எலி இருக்கிறதா என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
முருகன்