பேரேட்டில் சிகப்பி ஆச்சி

அன்பு மகள் உமையாளுக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். என் ஐயாவை, அதாவது என் தாத்தாவை, பெற்ற தாய் யார் என்று கேட்டாய். சிகப்பி ஆச்சி என்று பெயரைத்தான் சொல்ல முடிந்தது. அது மனத்தை அரித்துக்கொண்டே இருந்ததால் உள்வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன்.

நம் வீட்டுக் காகிதங்களில் ஆண்களுக்குக் குறைவில்லை. கடல் கடந்து தொழில் செய்யக் கொண்டுவிற்கப் போனவர்கள், சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் பெட்டியடி போட்டு வட்டித் தொழில் பார்த்தவர்கள், மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்பியவர்கள் என்று பக்கம் பக்கமாக வருகிறார்கள். பெண்களோ இன்னார் சம்சாரம், இன்னார் மகள். நம் நகரத்தார் கோயில் கணக்கிலும் அப்படித்தான். கல்யாணமானதும் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வரிக்கணக்கில் ஒரு புள்ளி. பெண் தன் பிறந்த கோயிலை விட்டுக் கணவன் கோயிலில் சேர்ந்துவிடுகிறாள். போதாததற்குப் பாட்டி பெயரைப் பேத்திக்கு இடுகிற வழக்கம் வேறு. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை சிகப்பியாகவே வருகிறார்கள். இதில் நம்மவர் யார்?

பழைய பேரேடு ஒன்றுதான் வழிகாட்டியது. அதில் அவருக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது அம்மா! சீதனமாக வந்த பணத்தைக் கடையில் போட்டு அவர் பெயரிலேயே வட்டி ஏற்றியிருக்கிறார்கள். ஆச்சிமார் பணம் என்பார்களே, அது. வீட்டில் யாரும் எழுதி வைக்காத பெயரை வட்டிக் கணக்கு எழுதி வைத்திருக்கிறது. தமிழ் இலக்கத்தில் முதல், அதன் கீழ் வட்டி, பிறகு அவர் எடுத்த சின்னச் சின்னப் பற்றுகள். அவற்றில் ஒன்று: 'குரோதி வருஷம் மாசி மாதம், பிள்ளைக்கு அரைஞாண் வகைக்கு.'

குரோதி அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும். 1844-ஆகவும் இருக்கலாம், 1904-ஆகவும் இருக்கலாம். என் ஐயாவின் ஜாதக ஓலையை எடுத்துப் பார்த்தேன். சாலிவாகன சகாப்தம் 1826, குரோதி வருஷம், தை மாதம் என்று தெளிவாக இருக்கிறது. அதாவது 1905-ஆம் ஆண்டின் தொடக்கம். தையில் பிள்ளை பிறக்கிறது, மாசியில் தன் பணத்தில் அரைஞாண் வாங்குகிறார். இவர்தான் அவர். அந்த வரியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தேன்.

அவர் பிறந்த ஊரை, சீதனமாக வந்த பித்தளை அண்டா சொன்னது. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில், புளி போட்டுத் தேய்த்த பிறகு, 'கோனாபட்டு' என்பது மட்டும் தெரிந்தது. அங்கே விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்த ஓலை கிடைத்தால் அவர் பிறந்த கோயிலும் தெரிந்துவிடும்.

இனி நான் எழுத வருவதைக் கவனமாகப் படி. ஊர்ப் புள்ளி வரி நோட்டில், பிங்கள வருடத்தில், நம் வீட்டு ஒரு புள்ளி அரைப்புள்ளியாகிறது. 1917. ஆச்சி கணவரை இழந்திருக்கிறார். ஐயாவுக்கு அப்போது பன்னிரண்டு வயதுதான். அதற்குப் பிறகு பேரேட்டில் அவர் பக்கத்தில் பற்றுகள் கூடுகின்றன: பள்ளிச் சம்பளம், துணி, பிறகு பையன் கப்பலேறிய செலவு. ஐயா தானாக முன்னுக்கு வந்தவர் என்றுதான் நம் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இல்லை, உமையாள். அவரை ஆளாக்கியது ஆத்தாவின் சீதனப் பணம். இந்த வீட்டில் இனி அதைச் சொல்லித்தான் ஐயாவைப் பற்றிப் பேச வேண்டும்.

உன்னால் ஒரு உதவி ஆக வேண்டும். ஐயாவின் அப்பச்சி காலமானது ஊரிலா, சிங்கப்பூரிலா என்று தெரிய வேண்டும். அங்குள்ள தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் வைத்திருக்கிறது. 1917, 1918 இரண்டையும் பெயருக்கு முன்னால் வரும் நம் குடும்ப விலாச எழுத்துகளைப் போட்டுத் தேடு. நீதிமன்ற அறிவிப்புகளை விட்டுவிடாதே. அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகைகளில் செட்டி என்பதைச் சிட்டி என்றும் எழுதியிருப்பார்கள். அப்படியும் போட்டுப் பார்.

அன்புடன்,
அப்பச்சி
பள்ளத்தூர்