பத்தாயிரம் டாலர் எங்கே போகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி உதவித்தொகைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அமைப்புகளின் பட்டியலைப் பொறுத்தவரை நன்றாகவே இருந்தது. 1944-இல் ஃபிரெடெரிக் பேட்டர்சன் முன்னின்று தொடங்கிய, கறுப்பினக் கல்லூரிகளுக்கும் மாணவர்களுக்கும் நிதி திரட்டும் யுஎன்சிஎஃப், பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் மறைந்த மறு ஆண்டு, 1973-இல், அவர் மனைவி ரேச்சல் நிறுவிய அறக்கட்டளை, நான்கு ஆண்டுக்கு 40,000 டாலர் தரும் ரான் பிரவுன் திட்டம் எல்லாமே வந்துவிட்டன. படித்து முடித்தவருக்கு ஒரு சந்தேகம் வரும்: இத்தனை பேர் கொடுத்தும் இந்தப் பிள்ளைகள் ஏன் கடனோடு பட்டம் வாங்குகிறார்கள்? காரணங்கள் பல. அதிகம் பேசப்படாத ஒன்று, கல்லூரியின் நிதியுதவி அலுவலகம் போடும் கணக்கு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். படிப்பு, விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 42,000 டாலர் ஆகிற கல்லூரி. குடும்பத்தால் எதுவும் தர இயலாது என்று ஃபாஃப்சாவில், அதாவது மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பத்தில், தெரிந்துவிட்டது. கல்லூரி முதலில் அனுப்பும் கடிதத்தில் இப்படி இருக்கும்: வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும் பெல் மானியம் 7,395, கல்லூரியின் சொந்த மானியம் 26,605, வளாகத்தில் பகுதிநேர வேலை 2,500, முதலாண்டுக் கல்விக்கடன் 5,500. கூட்டினால் சரியாக 42,000.

இப்போது அந்த மாணவி வெளியே ஓர் அறக்கட்டளையில் 10,000 டாலர் வெல்கிறாள். மொத்தம் 52,000 ஆகிவிடுகிறது. தேவைக்கு மேல் உதவி போகக்கூடாது என்பது விதி, ஆகவே 10,000 குறைத்தாக வேண்டும். இந்தக் கணக்கில் பெல் மானியத்தைத் தொட முடியாது. மீதி மூன்றில் எதைக் குறைப்பது என்பது கல்லூரியின் கையில் இருக்கிறது. மனசாட்சியுள்ள கல்லூரி கடன் 5,500, வேலை 2,500 இரண்டையும் முதலில் நீக்கிவிட்டு, பாக்கி 2,000-ஐ மட்டும் தன் மானியத்தில் கழிக்கும். இன்னொரு கல்லூரி தன் மானியத்திலேயே முழுப் பத்தாயிரத்தையும் கழித்துக்கொள்ளும். கடன் அப்படியே நிற்கும், வேலையும் அப்படியே நிற்கும். கட்டுரை எழுதி, நேர்காணலுக்குப் போய் அவள் வென்ற பணம் கல்லூரியின் பெட்டிக்குள் போய்விட்டது. கொடுத்த அறக்கட்டளைக்கோ இது தெரியவே தெரியாது. காசோலை பெரும்பாலும் நேராகக் கல்லூரிக்குத்தானே போகிறது!

நேரமும் மாணவிக்கு எதிராகத்தான் இருக்கிறது. எந்தக் கல்லூரி என்று பல இடங்களில் மே 1-க்குள் முடிவு சொல்லிவிட வேண்டும். திருத்திய கணக்கு ஜூலையிலோ ஆகஸ்டிலோ வரும். அதற்குள் மற்ற கல்லூரிகளின் கதவு சாத்தியிருக்கும்.

இதனால், வெளி உதவித்தொகை வந்தால் முதலில் கடனைக் குறைப்பீர்களா, மானியத்தைக் குறைப்பீர்களா என்று ஏப்ரலிலேயே எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் சொன்ன பதில் ஆகஸ்டில் செல்லாது. மானியத்தில்தான் கை வைப்போம் என்று கல்லூரி சொன்னால் இரண்டு வழிகள் உண்டு. மடிக்கணினி, மருத்துவக் காப்பீடு, ஊருக்குப் போய்வரும் செலவு போன்றவற்றை ரசீதோடு காட்டி, 42,000 என்ற செலவுக் கணக்கையே உயர்த்தித் தரும்படி கேட்கலாம். அது 44,000 ஆக உயர்ந்தால், மானியத்தில் 2,000 தப்பிக்கும். இல்லையென்றால், தொகையின் ஒரு பகுதியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று அறக்கட்டளையைக் கேட்கலாம்; சில அமைப்புகள் சம்மதிக்கும். வெளித் தொகையைக் காட்டித் தன் மானியத்தைக் குறைப்பதற்கு முதலில் கட்டுப்பாடு கொண்டுவந்தது மேரிலாந்து மாநிலம், 2017-இல், அதுவும் பொதுக் கல்லூரிகளுக்கு மட்டும். பிறகு நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா போன்றவை சேர்ந்துகொண்டன. மற்ற பெரும்பாலான மாநிலங்களில் கேட்டால்தான் உண்டு.

கட்டுரை தொடாத இன்னொரு இடம், சேர்ந்த பிறகு பணம் நின்றுபோவது. தனியார் உதவித்தொகைகள் பலவும் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் புள்ளி) படிக்கச் சொல்கின்றன. கெமிஸ்ட்ரி கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு பாடத்தை விட்டு 9 கிரெடிட்டுக்கு இறங்கினால் அந்தத் தொகை மொத்தமாக நிற்கலாம். கல்லூரி கணக்கெடுக்கும் தேதிக்கு முன் விட்டால் பெல் மானியமும் முக்கால்வாசியாகி, முழு மானியம் வாங்கும் மாணவிக்கு அந்தச் செமஸ்டரில் கிட்டத்தட்ட 925 டாலர் போகும். ஃபாஃப்சாவை ஆண்டுதோறும் புதிதாக நிரப்ப வேண்டும் என்பதையும் இரண்டாம் ஆண்டில் பலர் மறந்துவிடுகிறார்கள். (விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் செலவாகும் உதவித்தொகை வருமான வரிக் கணக்கில் வரும் என்பதை யாரும் சொல்வதே இல்லை.)

சில நூறு டாலர் பாக்கிக்காகப் பதிவு ரத்தாகிப் படிப்பை விட்டவர்கள் உண்டு. அட்லாண்டாவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம், கறுப்பின மாணவர்கள் பெருமளவில் படிக்கும் இடம், 2011-இல் இதற்கென்றே ஒரு சிறு மானியத்தைத் தொடங்கியது. மாணவர் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. பட்டத்தை நெருங்கியவரின் கணக்கில் பாக்கி நிற்பதை அலுவலகமே பார்த்து அடைத்துவிடும். எங்கள் பார்வையில், அறிவிப்பில் பெரிதாகத் தெரியும் பல திட்டங்களைவிட இது அதிகம் பேரைக் கரை சேர்க்கும்.

சட்டத்தைப் பற்றிக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. இனத்தைப் பார்த்து மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று 2023 ஜூன் 29 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கல்லூரிச் சேர்க்கையைப் பற்றியது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் அதை உதவித்தொகைக்கும் பொருத்திக்கொண்டன. கறுப்பின மாணவர்களுக்கு மட்டுமே என்றிருந்த ஓர் உதவித்தொகையை டியூக் பல்கலைக்கழகம் 2024-இல் நிறுத்தியது. இந்தத் தயக்கம் நேற்று வந்ததல்ல. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பேனக்கர் உதவித்தொகை, கறுப்பின மாணவர்களுக்கு மட்டும் என்றிருந்த காரணத்துக்காக, 1994-லேயே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அடிபட்டது. இப்போது பல இடங்களில் வருமானம், ஊர், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற அளவுகோல்கள் வந்திருக்கின்றன. எனவே பெயரை நம்பி விண்ணப்பிக்காமல், இந்த ஆண்டின் தகுதி விதியைப் படித்துவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது.

கடைசியாக ஒரு திருத்தம். உங்கள் அட்டவணையில் உள்ள கேட்ஸ் மில்லேனியம் திட்டம் 2016-க்குப் பிறகு புதிய மாணவர்களைச் சேர்ப்பதில்லை. அதற்கு அடுத்து வந்தது 'தி கேட்ஸ் ஸ்காலர்ஷிப்'. இதற்குப் பள்ளி இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும், பெல் மானியத்துக்குத் தகுதியும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கல்லூரி நிதியுதவிப் பணியில் உள்ள வாசகர்கள் இருவர்,
அட்லாண்டா.