அன்இன்ஸ்டால் பண்ணியும் போகாத ஆன்டிவைரஸ்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கரூர்ல சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், கல்யாணப் பத்திரிகை டிசைன், ஆன்லைன் அப்ளிகேஷன்னு பொழப்பு ஓடுது. போன மாசம் கடைல நடந்த கூத்தை எழுதினா என்னை மாதிரி நாலு பேருக்கு உபயோகப்படுமேன்னுதான் இந்த லெட்டர்.

கம்ப்யூட்டர் வாங்கும்போதே ஒரு ஆன்டிவைரஸ் ஓசியா ஒட்டிக்கிட்டு வந்துச்சு. வருஷம் முடிஞ்சதும் லைசென்ஸ் போச்சு, பணம் கட்டுன்னு ஒரு பெட்டி, கஸ்டமர் அவசரமா பிரிண்டுக்கு நிக்கும்போதுதான் கரெக்டா ஓரத்துல எட்டிப் பாக்கும். கண்ட்ரோல் பேனல்ல போய் அன்இன்ஸ்டால் குடுத்தேன், முடிஞ்சதுன்னுச்சு, ரீஸ்டார்ட்டும் பண்ணியாச்சு. அப்புறம் காசு குடுத்து வாங்கின வேற ஆன்டிவைரஸை போட்டா, பழசு உள்ள இருக்கு மொதல்ல அதை எடுன்னு அடம் புடிக்குது. லிஸ்ட்டுல பேரே இல்லையே, எங்கேர்ந்து எடுக்க? இதைவிட கொடுமை, செக்யூரிட்டி பக்கத்துல பாத்தா பழசுதான் இன்னும் காவலுக்கு நிக்கிற மாதிரி காட்டுது, அதை நம்பி விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரும் ஒதுங்கிக்கிச்சு. ஊர்ல இருக்கிற பென்டிரைவ் எல்லாம் என் கம்ப்யூட்டர்லதான் குத்துறாங்க, ஒரு வாரமா காவலுக்கு ஒருத்தனும் இல்ல!

சர்வீஸ் கடைல கேட்டா, ஃபார்மேட்தான் அண்ணே, வேற வழியே இல்லைங்கிறாங்க. ஃபார்மேட் பண்ணா தமிழ் ஃபான்ட், பிரிண்டர் செட்டிங் எல்லாம் மறுபடி மொதல்லேர்ந்து. மனசு வரல.

எங்க அக்கா மகன்தான் வந்து பாத்தான். மாமா, அன்இன்ஸ்டால் குடுத்தா விண்டோஸ் எதையும் அழிக்காது, அந்த சாஃப்ட்வேர் கூடவே கொண்டுவந்த அன்இன்ஸ்டாலரைத்தான் ஓட விடும், அது எதை விட்டுட்டுப் போகுதோ அது அப்படியே கெடக்கும்னான். ஆன்டிவைரஸ், டிரைவர்னு விண்டோஸோட அடிமட்டத்துல ஓடுற புரோகிராம் வரைக்கும் உள்ள இறங்கியிருக்கும், வைரஸ் அதை அழிச்சிடக் கூடாதுன்னு தன்னைத்தானே பூட்டி வெச்சிருக்கும், அதனால நாம அழிச்சாலும் விடாதாம். அந்த கம்பெனி சைட்லயே ரிமூவல் டூல்னு தனியா ஒண்ணு இருந்துச்சு, அதை இறக்கி, அவசியமானது மட்டும் ஓடுற சேஃப் மோட்ல கம்ப்யூட்டரைத் தொறந்து ஓட விட்டான், பத்து நிமிஷம்கூட ஆகல. மிச்சம் பாத்தா, புரோகிராம் டேட்டான்னு மறைச்சு வெச்சிருக்கிற ஃபோல்டர்ல அதோட பழைய ஃபைலுங்க, நேரம் குறிச்சு வேலையைத் தானா ஓட விடுற டாஸ்க் ஷெட்யூலர்ல தினமும் அந்தப் பெட்டியைக் கெளப்புற ஒரு வேலை, ரெண்டையும் கையால எடுத்தோம். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தானா ஓடுறதையெல்லாம் லிஸ்ட் போட்டுக் காட்ட மைக்ரோசாஃப்ட் ஓசியா குடுக்குற ஆட்டோரன்ஸ்ல பாத்தா, ஃபைலே இல்லாம பேர் மட்டும் நிக்கிறது மஞ்சள் கலர்ல தெரியும். என்னோடதுல எப்பவோ தூக்கிப் போட்ட ஸ்கேனர்கூட அதுல இருந்துச்சு!

ஒரே கிளிக்ல ரிஜிஸ்ட்ரியை, அதாவது விண்டோஸும் சாஃப்ட்வேருங்களும் செட்டிங்கை எழுதி வெக்கிற இடத்தை, சுத்தம் பண்றேன்னு வர்ற கிளீனர் பக்கம் மட்டும் போயிடாதீங்க. அந்த மாதிரி டூலை நாங்க சப்போர்ட் பண்றதில்லைன்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்லுது. 2017ல சிகிளீனர்ங்கிற பிரபலமான கிளீனரோட 5.33 வெர்ஷன்லயே யாரோ வைரஸை சொருகிட்டாங்க, கம்பெனி கணக்குப்படியே 22 லட்சத்துக்கும் மேல பேர் அதை போட்டிருந்தாங்க. ரிஜிஸ்ட்ரில கை வெச்சே ஆகணும்னா மொதல்ல எக்ஸ்போர்ட் குடுத்து ஒரு காப்பி எடுத்துக்குங்க, அந்த சாஃப்ட்வேர் பேர் இருக்கிற இடத்தைத் தவிர வேற எதையும் தொடாதீங்க.

எனக்கு ஒண்ணுதான் புரியல. முழுசா எடுக்க கம்பெனிக்காரங்களுக்கே தெரியுது, டூலும் எழுதி வெச்சிருக்காங்க, அதை அந்த அன்இன்ஸ்டால் பட்டன்லயே வெச்சா என்ன கேடு? உங்க கம்ப்யூட்டர் பகுதில இதைப் பத்தி நல்லா நாலு வார்த்தை எழுதுங்க ஐயா.

புது ஆன்டிவைரஸ் இப்ப ஒழுங்கா ஓடுது. ஆனா அதோட ரிமூவல் டூல் எந்தப் பக்கத்துல கிடைக்கும்னு இப்பவே ஒரு சீட்டுல எழுதி மானிட்டர் ஓரமா ஒட்டி வெச்சுட்டேன்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன், கரூர்