செயலாளரின் ஆண்டறிக்கை: கோங் லி படங்களோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, சிரமம் பார்க்காமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

நமது திரைப்படச் சங்கத்தின் சென்ற ஆண்டு நடவடிக்கைகளைப் பேரவை முன் வைக்கிறேன். நிர்வாகக் குழு நான்கு முறை கூடியது. இரண்டு முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை, இல்லை. கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கான திரையிடல் நடந்தது. புத்தக அலமாரிக்குப் புதுப் பூட்டு வாங்கப்பட்டது. மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானார். மௌன அஞ்சலி செலுத்தினோம்.

இனி மாதாந்திரத் திரையிடல். சென்ற பேரவையில் நான் முன்மொழிந்து, யாரும் எதிர்க்காமல் (யாரும் கவனிக்காமல் என்பது பிறகு தெரிந்தது) நிறைவேறிய தீர்மானத்தின்படி, ஆண்டு முழுவதும் சீன நடிகை கோங் லி நடித்த படங்களையே திரையிட்டோம். "ஒரே முகத்தையே வருஷம் பூரா பார்க்கிறதா?" என்று மூன்றாம் மாதமே முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. அதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

கோங் லி 1965 டிசம்பர் 31 அன்று ஷென்யாங்கில் பிறந்து, ஷான்தோங் மாகாணத்து ஜினான் நகரில் வளர்ந்தவர். பெய்ஜிங்கில் நாடகக் கல்லூரி மாணவியாக இருக்கும்போதே ஜாங் யிமோ இயக்கிய முதல் படமான 'ரெட் சோர்கம்' (1987) அவருக்குக் கிடைத்தது. தொழுநோயாளியான சாராய ஆலைக்காரனுக்குக் கட்டிவைக்கப் பல்லக்கில் ஏற்றிக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கித் தூக்கிப் போகிறார்களே, அந்தப் பெண். அடுத்த ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கக் கரடி. சீனப் படம் ஒன்று அதை வாங்கியது அதுவே முதல் முறை. நமக்கும் அன்று அரங்கு நிறைந்தது. வடை கொடுத்ததுதான் காரணம் என்று பொருளாளர் சொல்கிறார். நான் ஏற்கவில்லை.

'ஜூ டோ'வில் (1990) சாயப்பட்டறை முதலாளியின் இளம் மனைவி. 'ரெய்ஸ் த ரெட் லேன்டர்ன்' (1991) படத்தில் ஒரு பணக்காரனின் நான்காம் மனைவி. அதன் முதல் காட்சியில் முகம் மட்டும்தான் தெரியும். படிப்பு பாதியில் நின்றுபோன பெண், பணக்காரனுக்கே வாழ்க்கைப்படுகிறேன் என்று சித்தியிடம் சொல்கிறாள். சித்தி கண்ணில் படுவதில்லை. இவள் நம்மை நேராகப் பார்த்துக்கொண்டே இருக்க, கண்ணீர் இறங்குகிறது. அழுகை என்று சொல்ல முடியாது, முகம் அசைவதே இல்லை. ஐயோ பாவம் என்று நாம் நினைத்து முடிப்பதற்குள், வேலைக்காரப் பெண் தன் அறையில் ஒளித்துவைத்து ஏற்றிப் பார்த்த பழைய விளக்குகளை (மனைவிகளுக்கு மட்டுமே ஏற்றுகிற விளக்குகள் அவை) இதே பெண் முற்றத்தில் இழுத்துப் போட்டு அம்பலப்படுத்துகிறாள். விளக்குகள் எரிகின்றன, அந்த வேலைக்காரப் பெண் பனியில் மண்டியிட்டே கிடக்கிறாள். பரிதாபத்தையும் கொடுமையையும் ஒரே ஆளிடம் நம்பவைக்கிற நடிப்பு இது. "ஒரே முகம்" என்றவர்கள் அன்று இடைவேளையிலேயே கிளம்பிவிட்டார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

அடுத்து 'த ஸ்டோரி ஆஃப் சியூ ஜூ' (1992). கிராமத் தலைவர் கணவனை உதைக்கக் கூடாத இடத்தில் உதைத்துவிடுகிறார். நிறைமாதத்தை நெருங்கும் மனைவி, மிளகாயை விற்றுச் செலவுக்குப் பணம் தேற்றி, வட்டாரம், மாவட்டம், நகரம் என்று நியாயம் கேட்டு அலைகிறாள். தலைவர் நஷ்டஈட்டுப் பணத்தைக் கையில் கொடுக்காமல் தரையில் வீசுகிறார்: இருபது நோட்டு, இருபது தடவை நீ என் முன்னால் தலை குனிய வேண்டும் என்று. அவள் ஒரு நோட்டைக்கூட எடுப்பதில்லை. தெருக்காட்சிகளில் கேமராவை மறைத்துவைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள். உடன் நடித்தவர்களில் பெரும்பாலோர் நடிகர்களே அல்ல. கோங் லி ஷான்சி வட்டாரப் பேச்சில் பேசி, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடுகிறார். படம் ஓடி அரை மணி நேரம் கழித்து நம் துணைத்தலைவர் என் காதருகே குனிந்து, "ஹீரோயின் எப்ப சார் வருவாங்க?" என்றார். வெனிஸ் விழாவில் அவருக்குச் சிறந்த நடிகை விருது கொடுத்ததைவிடப் பெரிய பாராட்டு இது என்பேன். மூத்த பெண் உறுப்பினர் ஒருவர் சொன்னதையும் சேர்க்கிறேன்: "வயித்துல தலகாணி கட்டினா நடை வந்துடாது தம்பி. இது மாசக்காரி நடைதான்."

'ஃபேர்வெல் மை கான்குபைன்' (1993) பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் உயரிய விருதான தங்கப்பனை வாங்கியது. திரையிட்டோம், கரண்ட் போய்ப் போய் வந்தது.

வருத்தத்தோடு சொல்ல வேண்டியது 'டு லிவ்' (1994) பற்றி. சூதில் வீட்டைத் தோற்றவனின் மனைவியாக, நாற்பதுகளிலிருந்து, படித்தவர்களைப் பகைவர்களாக நடத்திய மாவோவின் கலாச்சாரப் புரட்சிக் காலம் வரை மூப்படையும் வேடம். நாயகன் கெ யூவுக்குக் கானில் சிறந்த நடிகர் விருது. சீனாவிலோ படத்துக்குத் தடை. பேசும் திறனை இழந்த மகளுக்குப் பிரசவம். டாக்டர்களைத் துரத்திவிட்டுச் செவிலி மாணவிகள் ஆஸ்பத்திரியை நடத்துகிறார்கள். பட்டினி கிடந்த பழைய டாக்டர் ஒருவரைப் பிடித்து வந்து ரொட்டி வாங்கிக் கொடுக்க, அவர் ஏழு ரொட்டியை விழுங்கி, தண்ணீர் குடித்து, அசைய முடியாமல் உட்கார்ந்துவிடுகிறார். உள்ளே மகளுக்கு ரத்தம் நிற்கவில்லை. அப்போது கோங் லியின் கைகளைக் கவனித்தவர்கள், ஆபரேட்டரையும் என்னையும் சேர்த்து ஆறு பேர். அன்று கிரிக்கெட்டாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்புறம் வந்த படங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 'மெமாயர்ஸ் ஆஃப் அ கெய்ஷா' (2005) படத்தில் ஆங்கிலம் பேசும் ஜப்பானியப் பெண் வேடம். நல்ல நடிகைக்கு ஹாலிவுட் கொடுத்த வில்லி வேலை, அவ்வளவே. 'லீப்' (2020) படத்தில் வாலிபால் பயிற்சியாளர் லாங் பிங்காக வருகிறார். இளவயது வேடத்தில் லாங் பிங்கின் சொந்த மகளே நடித்திருக்கிறார். நிறைவாகத் திரையிட்டது 'கமிங் ஹோம்' (2014). சிறைமுகாமிலிருந்து கணவன் திரும்பிவிட்டான், நினைவு தப்பிய மனைவிக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. 5-ம் தேதி வருகிறேன் என்று கடிதம் எழுதியிருந்தான் அல்லவா? மாதாமாதம் 5-ம் தேதி அவன் பெயர் எழுதிய அட்டையோடு ரயில் நிலையத்துக்குப் போய் நிற்கிறாள். பக்கத்திலேயே அவனும் நிற்கிறான்.

கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாக, வந்தது ஹால் வாடகைக்குப் போயிற்று. போதாததை ஒருவர் கையிலிருந்து போட்டிருக்கிறார். பெயர் வேண்டாம், பதவி மட்டும் இந்த அறிக்கையின் தலைப்பில் இருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் கணிசம். கேட்டால் "இதோ ஜிபே பண்றேன் சார்" என்கிறார்கள். பெயர்ப்பட்டியலைப் படிக்கச் சொல்லிச் சிலர் வற்புறுத்தினார்கள். அவர்கள் பெயரும் அதில் இருப்பதால் படிக்கவில்லை.

ஹால் கொடுத்தவருக்கும், ஆபரேட்டருக்கும், வடை ஏற்பாடு செய்த பொருளாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, சப்டைட்டில் வேகமாக ஓடுகிறது என்ற புகாருக்கு வழி காணும் வகையில், ருவான் லிங்யூ நடித்த மௌனப் படமான 'த காடஸ்' (1934) திரைப்படத்தோடு தொடங்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் ப்ரொஜெக்டர் விளக்கு மங்கிவிட்டது. செயலாளர் பொறுப்பை இளைஞர் யாராவது ஏற்க முன்வந்தால் சாவியை மகிழ்ச்சியோடு கொடுத்துவிடுவேன். யாரும் வராவிட்டால், சரி, நானே இருக்கிறேன். சந்தா கட்ட வேண்டிய தேதியும் தற்செயலாக மாதம் 5-தான். அன்று மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை ரசீதுப் புத்தகத்தோடு ஹால் வாசலில் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்