கிராமியம் என்று நான் எழுதிக் கொடுத்தது

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மாடிப்படி மட்டும் ஏற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், கேட்கத்தான் மாட்டேன் என்கிறாள்.

பொங்கலுக்கு நீ வந்து போய் இன்றோடு ஐந்து ஞாயிறு ஆகிறது. பதினோரு மணி போன் வருவதில்லை. "மீட்டிங்", "அப்புறம் கூப்பிடுறேன்" என்று வாட்ஸ்அப்பில் இரண்டு வார்த்தை வருகிறது. அம்மா போனை அடுப்படி மேடையில் வைத்துக்கொண்டு சமைக்கிறாள். அவள் இடித்துக் கொடுத்த பருப்புப் பொடியை நீ செருப்பு ஸ்டாண்டு மேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். அந்த டப்பாவை உள்ளே எடுத்து வைக்கவே அவளுக்கு இரண்டு நாள் மனசு வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் போனைக் கையில் எடுக்காதே. உன் பெரியப்பாவுக்கு முப்பத்தெட்டில்தான் பிரஷர் ஆரம்பித்தது, ஞாபகம் வைத்துக்கொள்.

பத்திரிகையில் வந்த உன் படத்தை வெட்டி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். உன் மியூசிக் கம்பெனிக்குத் தென்னிந்தியா முழுவதுக்கும் தலைவர் என்று போட்டிருக்கிறது. 2009-ல் காலர் டியூன் பிரிவில் எக்சிகியூட்டிவாகச் சேர்ந்த பெண் நீ. ஒரு பாட்டை எந்த முப்பது வினாடிக்கு வெட்டினால் ஜனம் மாதம் முப்பது ரூபாய் கட்டும் என்று காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து யோசிப்பாய். பல்லவியை விட்டுவிட்டு இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் புல்லாங்குழலை வெட்டி எடுத்து என்னிடம் போட்டுக் காட்டினாயே, அன்றைக்கே எனக்குத் தெரியும். உனக்குக் காது இருக்கிறது. இந்தத் தொழிலில் கணக்குத் தெரிந்தவர்கள் நிறைய பேர், காது உள்ளவர்கள் குறைவு.

என் கதை உனக்குத் தெரியும். 1978-ல் எல்.பி. இசைத்தட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு திண்டுக்கல், தேனி, காரைக்குடி என்று பஸ்ஸில் அலைந்தேன். பஸ் டாப்பில் போட்டால் வெயிலில் தட்டு வளைந்துவிடும். அதனால் மடியிலேயே வைத்துக்கொண்டு போவேன், இறங்கும்போது தொடை மரத்திருக்கும். அப்புறம் கேசட் வந்தது. சேல்ஸ்மேனாக இருந்தவனை முதலாளி கிளை மேனேஜர் ஆக்கினார். என்ன பாட்டுப் பதிவு செய்வது, ஏ பக்கத்தில் எதை முதலில் வைப்பது, அட்டையில் என்ன அச்சடிப்பது, எல்லாம் என் கையில் இருந்தது. இப்போது உன் கையில் இருப்பது போல.

பொங்கலன்று ராத்திரி மொட்டை மாடியில் நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது நான் தண்ணீர்ச் செம்போடு படியில் நின்றது உனக்குத் தெரியும். என் இருமல் கேட்டுத்தான் நீ திரும்பிப் பார்த்தாய். நீ பேசியது என்ன என்று நான் கேட்கப் போவதில்லை. ஆபீஸ் விஷயம், ஆயிரம் இருக்கும். மறுநாள் ஒரு நாள் முன்னதாகவே டிக்கெட் மாற்றிக்கொண்டு நீ கிளம்பியதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது என்றுதான் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். எந்தக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினாலும் அதை அவர்கள் பாஷையில் படித்துக் காட்டி வாங்கு. ஆள் அனுப்பாமல் நீயே படித்துக் காட்டு.

எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் எல்.பி. 1963-ல் வந்தது. அதன் ராயல்டியைத் திருப்பதி தேவஸ்தானத்துக்கு எழுதி வைத்தார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ராயல்டி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அந்தப் பேச்சில்தான். ஒரு தடவை பாடியது, விடிய விடிய எங்கெங்கோ ஒலித்து, வருஷா வருஷம் யாருக்கோ சோறாகப் போய்ச் சேர்வதை நினைத்தால் எனக்கு அப்போது சிலிர்க்கும். அப்படிச் சிலிர்த்தவன்தான் இப்போது சொல்லப் போகிறதைச் செய்தவன்.

பச்சை டிரங்குப் பெட்டியில் இருக்கும் ஒப்பாரி கேசட்டை நீ பார்த்திருக்கிறாய். சின்ன வயசில் அதைப் போட்டால் நீ பயந்து அழுவாய், அம்மா திட்டி உள்ளே வைத்துவிடுவாள். அதைப் பாடிய அம்மாவைப் பற்றி நான் வீட்டில் பேசியதே இல்லை.

1987, ஆனி மாதம். உசிலம்பட்டி தாண்டி ஒரு ஊரிலிருந்து அவரை அழைத்து வந்தோம். ஐம்பது வயதிருக்கும். மாடி ரூமில் மைக் வைத்திருந்தோம். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்றார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி சொல்லக் கூடாது, உங்கள் குடும்பத்துக்கு ஆகாது என்றார். எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் ஸ்பூல் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பின்னால் இருந்த நெல் குடோனுக்குப் போனோம். நின்று பாட வரவில்லை. தரையில் உட்கார்ந்தார். எதிரில் ஒரு பொம்பளை ஆள் வேண்டும், தோளைப் பிடித்துக்கொண்டுதான் பாட்டு வரும் என்றார். கூட்டிப் பெருக்கும் அக்காவை எதிரே உட்கார வைத்தோம். மைக் ஸ்டாண்டை மடக்கிச் சாக்கு மேல் சாய்த்து வைத்தேன்.

நாலாவது பாட்டு அவர் வீட்டுக்காரரைப் பற்றியது. பனையேறி விழுந்து செத்தவர். எந்தப் பனை, யாருடைய கொல்லை, எத்தனை நாள் கிடந்தார், கடையில் 140 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனது, எல்லாம் அந்தப் பாட்டில் வரும். எதிரே உட்கார்ந்திருந்த அக்கா நிஜமாகவே அழுதுவிட்டாள். அந்த அழுகையும் டேப்பில் இருக்கிறது.

முடிந்ததும் 300 ரூபாயும் ஒரு சேலையும் கொடுத்தோம். இங்கிலீஷில் அடித்த பத்திரம். உலகம் முழுவதும், எல்லாக் காலத்துக்கும், எல்லா உரிமையும் என்று இருந்தது. படித்துக் காட்டலாமா என்று கூட இருந்த பையன் கேட்டான். "அந்த அம்மாவுக்கு என்னடா தெரியப் போகுது, ரேகையை வாங்கு" என்றேன். நான்தான் சொன்னேன் பாப்பா. அவர் ரேகை வைத்துவிட்டு, மை ஒட்டிய பெருவிரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டார். நரைமுடியில் நீலமாக ஒரு கோடு விழுந்தது.

அதன் பிறகு அட்டைக்கு மேட்டர் கேட்டு அச்சகத்திலிருந்து ஆள் வந்தது. பாடியவர் பெயர் கேட்டான். பெயர் போட்டால் நாளைக்கு வேறு கம்பெனிக்காரன் தேடிப் போய்விடுவான் என்று முதலாளி சொல்லியிருந்தார். நானே பேனாவை எடுத்து எழுதிக் கொடுத்தேன்: பாடல், இசை: கிராமியம்.

கிராமியம் என்றால் யாருடையதும் இல்லை என்று அர்த்தம். யாருக்கும் பங்கு தர வேண்டாம். அந்த 140 ரூபாய் கடன் ஊர்ப் பொதுக் கடனா? அந்தப் பனை பொதுப் பனையா? அது அவர் வீட்டுச் சாவு, அவர் கட்டின சொல். எனக்கு அது அன்றைக்கே தெரியும். அழுகையைக் காதால் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

கல்கத்தாவில் 1902-ல் கௌஹர் ஜான் பாடிப் பதிந்தபோது, பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே இங்கிலீஷில் சொன்னார். தட்டு ஜெர்மனியில் அச்சாகும். அங்கே லேபிள் ஒட்டுகிறவனுக்கு யார் குரல் என்று தெரிய வேண்டுமே. அதற்கு 85 வருஷம் கழித்து, பெயரும் ஊரும் கேட்டுத் தெரிந்த ஒருவரை நான் பெயரில்லாதவர் ஆக்கினேன்.

கேசட் நன்றாகப் போனது. ஐந்து முறை திரும்ப அடித்தோம். எழவு வீடுகளில் மைக் செட்டுக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். அந்த வருஷம் எனக்கு போனஸ் கொடுத்தார்கள். உன் காதுகுத்துக்கு வாங்கிய தோடு அந்தப் பணம்தான். இதை எழுதவே கை வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து அந்த அம்மா கிளைக்கு வந்தார். தன்னிடம் இருந்த கேசட்டில் டேப் சிக்கிக்கொண்டது, வேறு ஒன்று வேண்டும் என்றார். முந்தானையில் காசு முடிந்து வந்திருந்தார். நான் கவுன்டர் பையனிடம், "நம்ம ஆளுதான், டீலர் விலைக்கே கொடு" என்றேன். 18 ரூபாய் எண்ணிக் கொடுத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு நான் சாப்பிடப் போனேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எனக்கு அந்தப் பதினெட்டு ரூபாய்தான் தூக்கத்தில் வருகிறது, அந்த 300 கூட இல்லை.

நீ போன மறு வாரம் அம்மாவிடம் பேங்க் வேலை என்று சொல்லிவிட்டு அந்த ஊருக்குப் போனேன். அவர் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. மகன் இருக்கிறார், ஆடு வைத்திருக்கிறார். யாரு என்று கேட்டார். கேசட் கம்பெனியில் இருந்தவன் என்றேன். பாயைப் போட்டு உட்கார வைத்தார். உள்ளே போய் ஆத்தா படத்தையும், அதன் பின்னால் சொருகி வைத்திருந்த கேசட் அட்டையையும் எடுத்து வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அட்டையில் அந்த வரி மேல் விரலை வைத்து, "இதுதானே ஐயா எங்க ஆத்தா பேரு?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. தலையைத்தான் ஆட்டினேன். ஆமாம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பேத்தி பள்ளிக்கூடம் படிக்கிற பெண். அவள் போனில் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினாள். நாலாவது பாட்டு, அந்த அக்கா அழுவது வரை அப்படியே இருக்கிறது. பாடியவர் என்ற இடத்தில் பல பாடகர்கள் என்றும், எழுதியவர் என்ற இடத்தில் ட்ரெடிஷனல் என்றும் இருந்தது. அதற்குக் கீழே ஒரு கம்பெனி பெயர் இருந்தது. எங்கள் கம்பெனிப் பாட்டுகளின் கேட்லாக் கை மாறிக் கை மாறி எங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று அங்கேதான் பார்த்தேன். உன் விசிட்டிங் கார்டில் இருக்கும் அதே பெயர்.

சட்டம் என்னைவிட நன்றாக உனக்குத் தெரியும். காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் மொத்த உரிமையையும் எழுதிக் கொடுத்தாலும் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்க முடியாது, வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம் என்று இருக்கிறது. பாடியவருக்கும் பங்கு உண்டு என்கிறார்கள். 1987 காகிதத்துக்கு அது பொருந்துமா என்பதை உங்கள் வக்கீல்கள் சொல்லட்டும். ஒலிப்பதிவின் உரிமைக்கு 60 வருஷம். 2047 வரை அந்த டேப் கம்பெனியுடையது, அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் ட்ரெடிஷனல் என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டால் எந்தச் சட்டமும் அந்த வீட்டுக் கதவைத் தட்டாது. நான் அன்றைக்குக் கிராமியம் என்று எழுதினதும் அதற்காகத்தான்.

உன்னை நான் குறை சொல்லவில்லை. சில வார்த்தைகளைப் பிள்ளைகள் ஆபீஸில் கற்றுக்கொள்வதில்லை. சாப்பிடும்போது அப்பா தொழிலைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக் கற்றுக்கொள்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி படியில் நின்றபோது எனக்கு என் குரலே மேலிருந்து கேட்டது. கால் நடுங்கித்தான் செம்பைக் கீழே வைத்தேன். நீ என்னைப் பார்த்த பார்வையைக் கோபம் என்று நினைத்துக்கொண்டாயோ என்னவோ. கோபம் இல்லை, பாப்பா.

சரி. நான் கேட்பது இதுதான். அந்த அம்மா பெயரைத் தனிக் காகிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், இங்கிலீஷிலும் எழுதியிருக்கிறேன். மகன் சொன்னபடி எழுத்துச் சரி பார்த்துவிட்டேன். ஒவ்வொரு பாட்டுக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஒரு ஐ.எஸ்.ஆர்.சி. எண் இருக்கும் என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். பேத்தி போனில் எனக்கு அது கிடைக்கவில்லை, உன் சிஸ்டத்தில் கிடைக்கும். பாடியவர், எழுதியவர் இரண்டு இடத்திலும் அந்தப் பெயர் வர வேண்டும். பத்துப் பாட்டு. அதில் மூன்று நிஜமாகவே ஊரில் வழங்குகிற பாட்டு, அதில் எழுதியவர் பெயர் வேண்டாம் என்று மகனே சொன்னார். மீதி ஏழும் ஆத்தா கட்டினது. எவை எவை என்று குறித்திருக்கிறேன். பணம் பற்றி நீ யோசித்துச் சொல். கம்பெனி தராவிட்டால் என் பென்ஷனில் மாதாமாதம் அனுப்பலாம் என்று இருக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

மாடியில் நீ பேசிக்கொண்டிருந்த விஷயம் எந்த அளவில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. அந்தப் பாட்டுக்காரரை நீ நேரில் பார்த்தாயா? ஒரு தடவை நேரில் போய்ப் பார். ஆள் அனுப்பாதே. படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கு.

பருப்புப் பொடியைக் கூரியரில் போட்டிருக்கிறேன், புதன்கிழமை வந்துவிடும். டப்பாவோடு தோட்டையும் வைக்கலாமா என்று நினைத்தேன், அம்மா கேட்பாள் என்று வைக்கவில்லை. அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்கு நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பேத்தி நம்பரும் என்னிடம் இருக்கிறது. மாற்றினதும் சொல், அவள் போனில் பெயர் வந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் மகனிடம் போக வேண்டும். அந்த அட்டை விஷயத்தை நான் நேரில்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா