கரியமில வாயு குறைந்தது வறுமையால்: திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

எரிசக்தி அமைச்சின் திட்டமிடல் அதிகாரிகளுக்கு வணக்கம்.

நாட்டின் கரியமில வாயுக் கணக்கை எழுதும்போது 2022-ஐ நல்ல வருடமாகக் காட்டிவிடாதீர்கள். பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கிய வருடம் அது. டொலர் இல்லாமல் எரிபொருள் கப்பல்கள் கடலில் காத்து நின்றன. 13 மணித்தியால மின்வெட்டையும் பார்த்தோம். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர் பெற்றோல்தான். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340-க்கு ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் சின்னப் படகு எஞ்சினை நம்பியிருக்கும் எங்கள் கடற்தொழிலாளர்களுக்கு அது விலையேற்றமா, தொழில் தடையா? அப்படிக் குறைந்த புகையை யாரும் சாதனை என்று சொல்லக் கூடாது.

ஜப்பானியப் பொருளியலாளர் யோய்ச்சி காயா இதற்கு எளிய கணக்கு ஒன்று வைத்திருக்கிறார். சனத்தொகை, ஆளுக்கு எவ்வளவு உற்பத்தி, அந்த உற்பத்திக்கு எவ்வளவு சக்தி, அந்தச் சக்தியிலிருந்து எவ்வளவு கரியமில வாயு. இந்த நான்கையும் பெருக்கினால் ஒரு நாட்டின் வெளியேற்றம் வந்துவிடும். 2022 இல் விழுந்தது இரண்டாவது. எங்களுக்கு அது ஏற வேண்டும், கடைசி இரண்டும் இறங்க வேண்டும். கரியமில வாயுவில் இலங்கையர் ஒருவரின் பங்கு வருடத்துக்குச் சுமார் 1 தொன், உலகச் சராசரி 4 தொன்னுக்கும் மேல். ஆகவே வளர்ச்சியைக் கேட்பதில் எங்களுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. எதை எரித்து வளரப் போகிறோம் என்பதுதான் பிரச்சினை.

நீர்மின்சாரத்தை நம்பியிருந்த நாடு இது. மழை பொய்த்த வருடங்களில் டீசலிடம் போனோம். 2011 இல் நுரைச்சோலை நிலக்கரி ஆலை ஓடத் தொடங்கி, 2014 இல் 900 மெகாவாட் ஆனது. அடுத்தது எங்கள் மாவட்டத்துச் சம்பூருக்கு வரவிருந்தது, 500 மெகாவாட். 2006 இல் போரால் இடம்பெயர்ந்த சனங்கள் ஊர் திரும்பக் காத்திருந்த மண்ணில்! 2016 இல் அது கைவிடப்பட்டது பெரிய ஆறுதல். ஒரு நிலக்கரி ஆலையைக் கட்டினால் முப்பது வருடமாவது ஓட்டத்தான் பார்ப்பார்கள். நாட்டின் வருமானம் கூடினாலும் குறைந்தாலும் கரியமில வாயு அதிலிருந்து வந்துகொண்டே இருந்திருக்கும்.

இப்போது அங்கே 120 மெகாவாட் சூரிய மின்சாரத் திட்டம். சரி, நல்லது. ஆனால் மின்தேவை உச்சமாவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை, வெயில் போன பிறகு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகலில் மின்தேவை குறைந்தபோது, கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்தச் சொல்ல வேண்டி வந்தது. பகலில் மிஞ்சுவதை மின்கலங்களில் தேக்காவிட்டால் இரவில் மறுபடியும் நிலக்கரியும் எண்ணெயும்தான்.

2030 இல் 70 சதவீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்பது அரசின் இலக்கு. சம்பூருக்கு மின்கலச் சேமிப்பு எவ்வளவு, எந்த வருடம் என்பதை எழுத்தில் தாருங்கள். சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களை வைத்துத் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கப் போவதாகச் சொல்கிறீர்கள். அதில் எண்ணெய்க்கு எவ்வளவு முதலீடு, மின்கலத்துக்கும் மின்கம்பிகளுக்கும் எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்டுங்கள். அந்தக் கணக்கை எங்கள் மாவட்டத்தில், தமிழிலும் சிங்களத்திலும், மக்கள் முன்னால் வையுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலைவாசி ஒருவர்